கிளட்ச் ஸ்லிப்: ஹெவி ஸ்பிரிங் போடலாமா?

கேள்வி | 9 ஜூன் 2024

துறையூர்த் தம்பி ஒருவர் கேட்டது:

"அண்ணா, 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. 26,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நாலாவது கியரில் 60-ல் போகும்போது முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. மெக்கானிக் முழு கிளட்ச் செட்டும் மாற்றணும், 5,000 ரூபாய் ஆகும் என்கிறார். ஃபிரெண்டு ஹெவி ஸ்பிரிங் ஒரு செட் போட்டால் போதும், 600 ரூபாயில் முடிந்துவிடும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?"

9 ஜூன், இரவு 10:15

இப்போதைக்கு ரெண்டு பேர் சொல்வதையும் கேட்காதே. புதுசாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: கிளட்ச் என்பது இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் பிளேட் அடுக்கு. ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடிக்கும், லிவரைப் பிடித்தால் கேபிள் அந்த இறுக்கத்தை விடுவிக்கும். இறுக்கம் போதாமல் பிளேட் வழுக்குவதுதான் ஸ்லிப்.

முதலில் கிளட்ச் லிவரைப் பார். லிவர் ஹோல்டரைத் தொடும் அடிப்பகுதியில் 2, 3 மி.மீ. இடைவெளி வரும்வரை லிவர் சும்மா ஆட வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை ஒட்டி நுழைத்தால் அந்தக் கணக்குதான். ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பிப் பார். அங்கேயும் அந்த ஆட்டம் மிச்சம் இருக்கணும். இல்லையென்றால் நீ லிவரைத் தொடாமலே கேபிள் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அது ஸ்லிப் ஆகத்தான் செய்யும்.

இதில் நிறையப் பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிளேட் தேயத் தேய லிவரில் ஆட்டம் கூடும் என்று. நம் வண்டிகளில் பெரும்பாலும் குறையும். பிளேட் தேய்ந்தால் பிரஷர் பிளேட் (அடுக்கை அழுத்திப் பிடிக்கும் பிளேட்) உள்ளே போகும், போய்ப் புஷ் ராடை (லிவரைப் பிடித்தால் பிரஷர் பிளேட்டைத் தள்ளி விலக்கும் கம்பி) நெருங்கிவிடும். அதனால்தான் ஆறு மாதம் தொடாத வண்டியில் ஆட்டமே இருக்காது. கேபிளை லூஸ் செய், ஒரு ரவுண்டு ஓட்டு, அப்புறம் பேசலாம்.

வண்டியின் பெயரை யாரும் கேட்க வேண்டாம். என்னுடையதும் அதே ரகம்தான். பெயரைச் சொன்னால் பேச்சு கிளட்சை விட்டு எங்கேயோ போய்விடும்.

10 ஜூன், காலை 6:50

ராத்திரி படுத்தபிறகு தோன்றியது. ஹெவி ஸ்பிரிங் போட்டவன் நானே. அதைச் சொல்லாமல் உபதேசம் செய்தது சரியில்லை.

2022 நவம்பர். இதே நோய். நாலாவது கியரில் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி யோசிக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையன், "அண்ணே, ஸ்பிரிங் ஸ்ட்ராங்கா ஒண்ணு வந்திருக்கு, ரேஸ் ஸ்பிரிங். போட்டா செத்தாலும் ஸ்லிப் ஆகாது" என்றான். கவர் கழற்றி, பழைய ஸ்பிரிங்கை எடுத்து, புதியதைப் போட்டு, கவரை மூடினோம். பிளேட்டைப் பார்க்கவில்லை. ஆயிலைப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம். வெளியே வந்து நாமக்கல் பைபாஸில் முறுக்கினேன், பாய்ந்தது. அந்த சந்தோஷத்தில் பையனுக்கு டீ, பஜ்ஜி எல்லாம் வாங்கிக் கொடுத்தேன்.

லிவர் கல் மாதிரி ஆகியிருந்தது. போகப் போகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

2023 மார்ச்சில் கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் இருக்கும். 43-வது வளைவில் முதல் கியருக்கு இறங்க லிவரை அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம், லிவர் கையோடு வந்து ஹேண்டிலில் ஒட்டிக்கொண்டது. வண்டி இரண்டாவது கியரிலேயே ரெண்டு குதி குதித்து நின்றது. சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள்தான் சாட்சி.

கேபிளைக் கழற்றிப் பார்த்தால் லிவர் பக்கத்து நிப்பிளை (கேபிள் முனைக் குமிழ்) ஒட்டி அறுந்திருந்தது. இழைகள் ஒரேயடியாக அறுந்தவை இல்லை. பாதிக்கு மேல் நுனி கறுத்து, துருப்பிடித்திருந்தது. மிச்சம் ஏழெட்டு இழை மட்டும் வெள்ளியாக மின்னியது. அதாவது பல வாரமாக ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வந்திருக்கிறது. லிவர் கடுசாக இருக்கிறது, கடுசாக இருக்கிறது என்று புலம்பின நான் ஒருநாள்கூட அந்த ரப்பர் கவரைத் தள்ளிப் பார்க்கவில்லை.

10 ஜூன், காலை 7:20

எப்படி வீடு வந்தாய் என்று கேட்கிறார்கள். வண்டியை இறக்கம் பார்த்துத் திருப்பி, நியூட்ரலில் உருளவிட்டு, வேகம் கொஞ்சம் வந்ததும் இரண்டாவது கியரை மிதித்தேன். இறங்கும்வரை கியரே மாற்றவில்லை. சமதளத்தில் மேலே மாற்ற கிளட்ச் தேவையில்லை. கியர் லிவரில் காலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை ஒரு நொடி விட்டால் தானாக விழும். நிற்பதுதான் கஷ்டம். சேந்தமங்கலத்தில் பஸ் குறுக்கே வந்து ஒருமுறை ஆஃப் ஆனது, மறுபடி தள்ளிக்கொண்டு ஓடினேன். 49 வயதில்.

10 ஜூன், மதியம்

அன்றிலிருந்து ஒரு பழக்கம். புதுக் கேபிள் போடும்போது இன்னொரு புதுக் கேபிளையும் அதை ஒட்டியே வழி நெடுக ஓட்டி, டேக் போட்டுக் கட்டிவைத்துவிடுவேன். இரண்டு முனையையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி ரப்பர் பேண்ட். அறுந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும், டேங்கைத் தூக்க வேண்டாம். இதுவரை நான் செலவு செய்த எல்லா 'அப்கிரேட்'டிலும் இதுதான் உருப்படி. விலை ஒரு பிரியாணி.

14 ஜூன்

ஸ்பிரிங் கணக்கை ஒருமுறை எழுதிவிடுகிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த தேதிக்குப் போகலாம்.

கிளட்ச் வழுக்காமல் தாங்கும் முறுக்குவிசை நாலு விஷயத்தின் பெருக்கல்: உரசும் முகங்கள் எத்தனை, உராய்வு எவ்வளவு, ஸ்பிரிங் அழுத்தம் எவ்வளவு, பிளேட்டின் சராசரி ஆரம் எவ்வளவு. நம் 350-கள் கிராங்கில் 27, 28 நியூட்டன் மீட்டர் தருகின்றன. இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே பிரைமரியில் வேகம் பாதிக்குக் குறைகிறது என்றால் கிளட்ச் தாங்க வேண்டியது அதைப்போல் இரண்டு மடங்கு. கம்பெனிக்காரன் அதற்கும் மேலே கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருப்பான்.

20 சதவீதம் கடினமான ஸ்பிரிங் போட்டால் தாங்கும் சக்தி 20 சதவீதம் ஏறும். அதே 20 சதவீதம் உன் விரலிலும் ஏறும், கேபிளிலும் ஏறும், லிவரின் பின்னிலும், புஷ் ராட் முனையிலும், ரிலீஸ் பேரிங்கிலும் ஏறும். இவை எதுவும் அந்த ஸ்பிரிங்குக்காகச் செய்தவை இல்லை.

அதே 20 சதவீதத்தை வேறு வழியிலும் வாங்கலாம். 5 பிளேட் இருந்தால் உரசும் முகம் 10. மெல்லிசான பிளேட்டாகப் போட்டு அதே இடத்தில் 6 பிளேட் நுழைத்தால் முகம் 12. விரலுக்கு ஒரு கிராம் பாரம் கூடாது. கூடுதல் பிளேட் கிட் என்று விற்பதன் சூத்திரம் இதுதான். ஸ்பிரிங்கைவிட விலை அதிகம், அதனால் எந்தப் பையனும் சிபாரிசு செய்வதில்லை.

15 ஜூன்

ஒரு மதுரைக்காரர், "ஹெவி ஸ்பிரிங் போட்டு 20,000 கி.மீ. ஓட்டிவிட்டேன், ஒண்ணும் ஆகவில்லை, சும்மா பயமுறுத்தாதீர்கள்" என்கிறார். அண்ணன் ஓட்டுவது ரிங் ரோடு. கிளட்ச் பிடிப்பது நாளைக்கு நாற்பது முறை இருக்கும். நான் ஒரு மலைக்கு அதைப்போல் மூன்று மடங்கு பிடிக்கிறேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கை குலுக்கினால் யார் ஹெவி ஸ்பிரிங்காரர் என்று தெரிந்துவிடும் என்பார் என் மச்சான். இடது கை விடாது.

22 ஜூன்

துறையூர்த் தம்பி கேபிளை லூஸ் செய்து பார்த்தாராம். பாதி சரியாகியிருக்கிறது, இரண்டு பேர் ஏறினால் இன்னும் வழுக்குகிறதாம். சரி, அப்படியென்றால் என் கதையின் இரண்டாம் பாகம் அவருக்கு வேண்டும்.

கேபிள் அறுந்தபிறகு புதுசு போட்டேன். ரெண்டே மாதத்தில் கிளட்ச் பிடித்தால் கறகறவென்று ஒரு சத்தம், பிடித்தாலும் கியர் முட்டிக்கொண்டு விழுந்தது. இந்த முறை பையனிடம் போகவில்லை. சேந்தமங்கலத்தில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், பிரிக்கும் எல்லாவற்றையும் எவர்சில்வர் தட்டில் பழைய நியூஸ் பேப்பர் விரித்து வரிசையாக அடுக்குவார். கவரைத் திறந்தார். புஷ் ராட் முனை நீலம் பூத்து, காளான் தலை மாதிரி நசுங்கியிருந்தது. அது ஸ்பிரிங் செய்த வேலை.

பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெர்னியரில் பிடித்தார். புதுசில் 3.0 மி.மீ. இருக்க வேண்டியவை 2.9-க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. தேயவே இல்லை! அப்புறம் ஏன் 2022-ல் வழுக்கியது?

பெரியவர் விரலில் ஆயிலைத் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், கட்டைவிரலால் தேய்த்தார்.

"ஏங்கண்ணு, இதுல என்ன ஆயில் ஊத்தினே?"

நான் பெருமையாகச் சொன்னேன். "நல்ல ஆயிலுங்க. ஃபுல் சிந்தெடிக். மச்சான் கார்ல மிச்சம் இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. தட்டில் இருந்த பிளேட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார். கண்ணாடி மாதிரி பளபளத்தது.

நம் வண்டிகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே குளித்துக்கொண்டிருக்கிறது. கார்களில் கிளட்ச் வெளியே, காய்ந்த இடத்தில். அதனால் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்க மருந்து சேர்த்து மைலேஜ் வாங்குகிறார்கள். அந்த மருந்துக்கு எது பேரிங், எது கிளட்ச் பிளேட் என்று தெரியாது. எல்லாவற்றையும் வழவழப்பாக்கும். இதற்காகத்தான் ஜப்பான்காரர்கள் 1998-ல் ஜாசோ டி903 என்று பைக் ஆயிலுக்குத் தனித் தரம் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்றால் உராய்வு அதிகம், இந்தக் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்றால் குறைவு, ஸ்கூட்டருக்கு. 2006-ல் எம்ஏ-வையும் எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள், எம்ஏ2-வில் பிடிப்பு கூடுதல்.

பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டார் (நல்லவேளை, நான் தூக்கிப் போடவில்லை). எம்ஏ2 ஆயில் ஊற்றி 300 கி.மீ. ஓட்டி, அதையும் வடித்து மறுபடி புதுசு. பிளேட் அதேதான். ஸ்லிப் போய்விட்டது.

ஓசி ஆயிலுக்கு நான் கொடுத்த விலை: ஒரு செட் ஸ்பிரிங், ஒரு கேபிள், ஒரு புஷ் ராட், மூன்று முறை ஆயில், ஒரு நாள் மலை.

23 ஜூன்

திருத்தம். நேற்று எழுதியதைப் படித்தால் கார் ஆயில் எல்லாமே விஷம் என்பதுபோல் இருக்கிறது. அப்படி இல்லை. கெட்டியான சில டீசல் ஆயில்களின் பாட்டிலில் பின்பக்கம் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கும், அது கிளட்சுக்கு ஆகும். முன்பக்கம் கார் படமா பைக் படமா என்று பார்ப்பதில் பயனில்லை. பின்பக்கம் சின்ன எழுத்தைப் படி. வட்ட முத்திரையின் கீழ் அரைவட்டத்தில் 'எனர்ஜி கன்சர்விங்' அல்லது 'ரிசோர்ஸ் கன்சர்விங்' (நேற்று சொன்ன மைலேஜ் மருந்துச் சரக்கு) என்று இருந்தால் மட்டும் வண்டிப் பக்கமே கொண்டுபோகாதே.

சிந்தெடிக் என்பதால் வழுக்கும் என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். எம்ஏ2 சிந்தெடிக் தாராளமாகக் கிடைக்கிறது. தப்பு சிந்தெடிக்கில் இல்லை, என் மச்சானின் தாராள மனசில்.

4 ஆகஸ்ட்

ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன், மறுபடியும் புகாரோடு. இந்த முறை எந்தப் பாகத்தின்மேலும் பழி இல்லை.

நேற்று ஆடி 18. கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவும் சேர்ந்த நாள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு என்று வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்தத் தேதியில் மலை ஏறுவதே புத்திசாலித்தனம் இல்லை என்று அவள் சொன்னாள். 20-வது வளைவிலிருந்து வண்டிகள் சங்கிலி. முன்னால் ஒரு வேன், அது ஒரு அடி நகர்ந்தால் நான் ஒரு அடி. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தேன். காலைக் கீழே ஊன்றச் சோம்பல். ஒரு மணி நேரம் இப்படி.

முதலில் வந்தது வாசனை. பழைய பேப்பரும் தலைமுடியும் சேர்ந்து பொசுங்கினாற்போல. "அந்த வேன்தாங்க கருகுது" என்றாள் அவள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேன் ஒதுங்கிய பிறகும் வாசனை கூடவே வந்தது.

அந்த நேரம் பார்த்து எங்களை ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் முந்திக்கொண்டு போனது. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு பாட்டி, பாட்டி மடியில் பலாப்பழம். கிளட்ச் லிவரே இல்லாத வண்டி.

4 ஆகஸ்ட், இரவு

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், ஆனால் அந்த எக்ஸ்எல்லில் கிளட்ச் இருக்கிறது. வேகம் ஏறினால் உள்ளே இருக்கும் ஷூக்கள் சுழற்சியில் வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கும். ஓட்டுகிறவன் கையில் எதுவும் இல்லாததால் ஓட்டுகிறவன் அதைக் கெடுக்க வழி குறைவு. 1958-ல் ஹோண்டா சூப்பர் கப்பிலும் கிளட்ச் லிவர் இல்லை, அதுவும் சுழற்சியில் தானாகப் பிடிக்கும் கிளட்ச்தான். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்டுகிற கடைப் பையனை மனதில் வைத்துச் செய்தது என்று கதை சொல்வார்கள்.

இதைப் படித்துவிட்டு மச்சான் போன் செய்து, "மாமா, உங்களுக்கு எக்ஸ்எல்தான் சரி" என்றான். ஆயில் கொடுத்தவன் பேசுகிறான்.

11 ஆகஸ்ட்

பெரியவரின் தட்டு, அதே பேப்பர். உராய்வு பிளேட் ஓரங்கள் கரிந்து பொடிகிறது. ஸ்டீல் பிளேட்டுகளில் மூன்று நீலம் பாய்ந்திருக்கிறது. அவற்றைத் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தார். 0.15 மி.மீ. தாராளமாகப் போனது, 0.20 முட்டியது. வளைந்துவிட்டது. எதிர்ப் பிளேட் நெளிந்திருக்கும்போது புது உராய்வு பிளேட் மட்டும் மாற்றினால் அதுவும் மேடுகளில் மட்டும் உரசி அங்கேயே கரியும். 'செட்' மாற்றணும் என்று மெக்கானிக் சொன்னால் ஸ்டீல் பிளேட்டும் அதில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சேர்த்தி இல்லை.

பிளேட் அடுக்கு உட்காரும் பாஸ்கெட்டின் விரல்களையும் காட்டினார். பிளேட்டின் காதுகள் மோதி மோதி அலுமினியத்தில் பல் மாதிரி பள்ளம். நகத்தை ஓட்டினால் தடுக்குகிறது. பிளேட் நகரும்போது அந்தப் பள்ளத்தில் சிக்கிச் சிக்கித்தான் விடும். லேசான பள்ளமாக இருந்ததால் தட்டையான அரத்தால் சமப்படுத்திவிட்டார். ஆழமாக இருந்தால் அரம் போடுவது ஏமாற்று வேலை, காதுக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி கூடி மோதல் இன்னும் பலமாகும் என்றார்.

என் ஆசை அடங்கவில்லை. கெவ்லார் பிளேட் போடுவோம் என்றேன். சென்னையில் ஜி.பி. ரோட்டில் தேடி மச்சானே வாங்கி அனுப்பினான், பரிகாரமாக.

18 ஆகஸ்ட்

கெவ்லார் பற்றி. 1965-ல் டூபான்ட்டில் ஸ்டெஃபனி குவாலெக் என்ற அம்மையார் கண்டுபிடித்த இழை, குண்டு துளைக்காத சட்டை எல்லாம் அதில்தான். பெயரைக் கேட்டவுடன் கிளட்சும் குண்டு துளைக்காததாகிவிடும் என்று நினைப்பு வரும். அதன் பலம் சூட்டைத் தாங்குவதில். சாதாரணக் கார்க் பிளேட் பிடிக்கும்போது மெத்தென்று பிடிக்கும், சூடு ஏறினால் கரியும். கெவ்லார் சூட்டில் நின்று பிடிக்கும், ஆனால் அந்த மெத்து கொஞ்சம் குறைவு. தெருவில் நிதானமாக ஓட்டுகிறவருக்குக் கார்க்கே சொகுசு.

எதுவாக இருந்தாலும் மாட்டுவதற்கு முன்னால் புது ஆயிலில் ஊறவைக்கணும். நாங்கள் ராத்திரி முழுக்க இட்லிப் பாத்திரத்தில் ஊறவைத்தோம். (வீட்டில் இன்னும் தெரியாது.)

1 செப்டம்பர்

போட்டாயிற்று. ஸ்லிப் இல்லை. இப்போது எதிர் நோய்: காலையில் முதல் கியர் போட்டால் லிவர் முழுக்கப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் ஊர்கிறது. சிக்னலில் நியூட்ரல் விழமாட்டேன் என்கிறது. புதுப் பிளேட்டுகளை மாட்டும் அவசரத்தில் அளக்கவில்லை, பெட்டியில் மிச்சம் இருந்த ஒன்றை இப்போது அளந்தேன். 3.1 மி.மீ. பழையது 3.0. ஆறு பிளேட்டுக்கு 0.6 மி.மீ. அடுக்கு தடித்துவிட்டது. பிரஷர் பிளேட் விலகுவதே ரெண்டு மில்லிமீட்டருக்குள்தான், அதில் 0.6 போய்விட்டது. இதுதான் காரணம்.

2 செப்டம்பர்

இல்லை, இது காரணமில்லை. நேற்று எழுதியது தப்பு.

பெரியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "அடுக்கு தடிச்சா பிரஷர் பிளேட்டும் சேர்ந்து வெளிய வந்து உக்காரும் கண்ணு. அங்கிருந்து அது விலகுற தூரம் எப்படிக் குறையும்?" என்றார். உண்மைதான். விலகும் தூரத்தைத் தீர்மானிப்பது லிவரின் ஓட்டமும் ரிலீஸ் ஆர்மின் (கேபிளின் மறுமுனை இழுக்கும் சின்னக் கை) கோணமும். அடுக்கு தடித்ததால் ஆர்ம் ஓய்வாக நிற்கும் இடம் மாறிவிட்டது. கேபிள் இழுக்கும்போது ஆர்மும் கேபிளும் ஏறக்குறைய செங்குத்தாக இருக்க வேண்டும். என்னுடையதில் கோணம் சாய்ந்து, இழுப்பில் பாதி வீணாகியது. உள் அட்ஜஸ்ட்மென்ட் திருகில் கால் சுற்று, கேபிளில் மிச்சம், அவ்வளவுதான். ஊர்வது நின்றது.

அடுக்கு தடித்து நிஜமாகவே விலகல் குறைவது வேறு ஒரு இடத்தில். தடித்த கம்பியில் செய்த ஹெவி ஸ்பிரிங் இருந்தால், அடுக்கும் தடித்திருந்தால், லிவர் முழுக்கப் பிடிக்கும் முன்னாலேயே ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். அதற்கு மேல் எதுவும் நகராது, அழுத்தினால் ஏதோ ஒன்று உடையும். நல்லவேளை என்னிடம் பழைய ஸ்பிரிங்.

8 செப்டம்பர்

உடைவது என்றதும் ஞாபகம். பக்கத்துத் தெரு வாத்தியார் பையன் யூடியூப் பார்த்து ஸ்பிரிங் போல்ட்டுகளை முறுக்கி, ஹப்பின் (கிளட்ச் அடுக்கின் நடுப் பாகம்) தூண் ஒன்றை ஒடித்துவிட்டான். சின்ன அலுமினியத் தூண், அந்தப் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு போதும். டி-ஸ்பானரில் முழங்கை பலத்தைக் காட்டக் கூடாது. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாம் சேர்ந்து இறங்கணும். ஒரு ஹப் விலை அவனுக்குப் படிப்பு.

15 செப்டம்பர்

அப்படியென்றால் வெளிச்சந்தைப் பாகமே வேண்டாம் என்கிறாயா என்று மதுரை அண்ணன் மடக்குகிறார். இல்லை. அமெரிக்காவில் கவாசாகி கேஎல்ஆர்650 வைத்திருப்பவர்கள் கதையைப் பாருங்கள். அங்கே பிரச்சினை கிளட்சில் இல்லை, இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்சரின் செயினை இறுக்கி வைக்கும் ஒரு சின்ன லிவரிலும் ஸ்பிரிங்கிலும். 1987 முதல் 2007 வரை வந்த வண்டிகளில் அந்த லிவர் உடைவதும் ஸ்பிரிங் அறுவதும் ஊரறிந்த விஷயம். உடைந்த துண்டு இன்ஜினுக்குள்ளே சுற்றும். 'டூஹிக்கி' என்று அதற்குச் செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். வெளியார் செய்து விற்ற பலமான லிவரையும் முறுக்கு ஸ்பிரிங்கையும் உடையும் முன்பே மாற்றிக்கொண்டார்கள். அது சரியான செலவு. எந்தப் பாகம், ஏன் உடைகிறது என்று தெரிந்து, அந்தப் பாகத்தை மட்டும் மாற்றினார்கள். மாற்றியதால் பக்கத்துப் பாகத்தின்மேல் பாரம் ஏறவில்லை.

நான் 2022-ல் செய்தது என்ன? ஆயில் செய்த தப்புக்கு ஸ்பிரிங்கை மாற்றி, ஸ்பிரிங்கின் பாரத்தைக் கேபிளுக்குக் கொடுத்து, கேபிளை மாற்றி, புஷ் ராடுக்குக் கொடுத்தேன்.

பாஸ்கெட்டில் நகம் தடுக்கும் அளவைத் தாண்டிப் பள்ளம் விழுந்துவிட்டால், கடினப்படுத்திய அலுமினியக் கட்டியில் கடைந்த பாஸ்கெட் மாற்றுவதும் அந்த வகையில் நியாயம். மோட்டோகிராஸ்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். இப்போது யமஹா ஆர்15, கேடிஎம் 390 டியூக்கில் எல்லாம் வருகிற அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச் இன்னும் கெட்டிக்காரத்தனம். சரிவான பற்களால் இன்ஜினின் இழுப்பே பிளேட்டுகளை இன்னும் இறுக்கிக்கொள்ளும், அதனால் மெல்லிசான ஸ்பிரிங் போதும், லிவர் ஒரு விரலுக்கு வரும். பழைய வண்டிக்கு அது கிட்டாகக் கிடைத்தால் நானே மச்சானை ஜி.பி. ரோட்டுக்கு அனுப்புவேன்.

டுகாட்டி பழைய டிரை கிளட்ச் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். கலகலவென்று டப்பாவில் கூழாங்கல் குலுக்கினாற்போல சத்தம் வருவது கோளாறு இல்லை, பிளேட்டைச் சுற்றி ஆயில் இல்லாததால் வருவது. அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினவர்களும் உண்டு. ருசி.

6 அக்டோபர்

துறையூர்த் தம்பியிடமிருந்து செய்தி. தேடிப் பார்த்ததில் போன சர்வீஸில் ஊற்றிய ஆயில் பாட்டில் வீட்டிலேயே இருந்திருக்கிறது. பின்பக்கம் எம்பி. வடித்துவிட்டு எம்ஏ2, 400 கி.மீ. கழித்து இன்னொரு முறை. இரண்டு பேரோடு பச்சைமலை ஏறியும் வழுக்கவில்லை. செட் மாற்றவில்லை.

ஆனால் நான் பதில் போடுவதற்கு முன்னாலேயே ஃபிரெண்டு ஹெவி ஸ்பிரிங் வாங்கிவிட்டானாம், கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை, என்ன செய்வது என்று கேட்கிறார்.

என்னுடையது நாலில் ஒன்றை வீட்டுக் கேட் தாழ்ப்பாளில் கோத்திருக்கிறேன். ஆடிக் காற்றுக்குக்கூட ஆடவில்லை. மிச்சம் மூன்று டூல் பெட்டியில் கிடக்கிறது, கேட் ஒன்றுதான் இருக்கிறது.